மூன்று இருக்கைகளும் ஒரு நீலத் துப்பட்டாவும்

உக்கடம் பேருந்து நிலையத்துக்குள் பொள்ளாச்சி வண்டி திரும்பும்போதே ஜன்னல்கள் வழியாகத் துண்டுகளும் கைக்குட்டைகளும் சாப்பாட்டுப் பைகளும் உள்ளே விழும். வண்டி நின்று, கதவருகே கூட்டம் நெருக்கியடித்து ஏறுவதற்குள் பாதி இருக்கைகளுக்கு ஆள் சொல்லியாகிவிடும். துண்டு கிடக்கிற இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "ஆள் வருதுங்க" என்ற ஒரு வார்த்தை போதும். என் அம்மா வீடு பொள்ளாச்சிக்குப் பக்கம். எத்தனையோ வருஷமாக நானும் அப்படித்தான் இடம் பிடித்திருக்கிறேன். போன மே மாதத்துக்குப் பிறகு என்னால் முடியவில்லை. ஜன்னலுக்குள் ஒரு துண்டு விழுவதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கிணத்துக்கடவு வரைக்கும் நின்றுகொண்டே போகிறேன்.

என் கணவர் கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டாருக்குள் சுழலும் சக்கரங்களை வார்த்துக் கடைந்து கொடுப்பது தொழில். ஜெர்மனியில் ஒரு பம்புக் கண்காட்சி, போய்ப் பார்த்து நாலு பேரிடம் மாதிரிகளைக் காட்டிவிட்டு வரலாம் என்றார். மகளுக்கு எட்டாம் வகுப்பு முடிந்து விடுமுறை. நான் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறவள், எனக்கும் விடுமுறை. மூன்று பேருமாகப் போவது என்று முடிவானது. விமானம் மலிவாகக் கிடைத்த ஊர் ஒன்று, கண்காட்சி நடக்கும் ஊர் இன்னொன்று. நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயில்.

எங்கள் வீட்டில் ரயில் டிக்கெட் என்றால் நான்தான். தட்கல் திறக்கிற நேரத்துக்கு இரண்டு போனும் ஒரு லேப்டாப்புமாக உட்கார்ந்து, பெயர், வயது, கீழ்ப்படுக்கை எல்லாம் முன்னாலேயே நிரப்பி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து அழுத்துகிற ஆள். அந்தத் தைரியத்தில்தான் ஜெர்மனிக்காரர்களின் ரயில் பக்கத்தைத் திறந்தேன். திறந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம். காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மாதக்கணக்கில் முன்னால் வாங்கினால் விலை பாதிக்கும் கீழே. அந்த மலிவு டிக்கெட்டுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: குறித்த அந்த வண்டியில் மட்டும்தான் செல்லும், தவறவிட்டால் போனது போனதுதான். உட்கார இடம் வேண்டுமா என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனிக் காசு. அதைவிட ஆச்சரியம், அப்பா அம்மாவோடு வருகிற பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கட்டணமே கிடையாது.

"அப்பறம் எதுக்கு இவளச் சேத்தோணும்? காசில்லாத ஆளுக்கு எதுக்குக் கட்டத்த நிரப்பிட்டு?" என்று நான் அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். நடத்துனர் கேட்டால் பிள்ளையின் வயதை இரண்டு குறைத்துச் சொல்லிப் பழகிய வாய்.

மகள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னையும் போடுங்கம்மா. நான் வரலீங்களா?"

சரி என்று போட்டேன். பெரியவர்கள் இரண்டு, குழந்தை ஒன்று. குழந்தைக்கு நேராக ஒரு பூஜ்யம்.

இருக்கைக்கு மட்டும் நான் காசு கட்டவில்லை. விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் கோட்டைமேட்டில் கடை வைத்திருக்கும் ஒரு பாய். மெக்காவுக்கு உம்ரா போகிறவர்கள் முதல் வேலைக்குப் போகிற பையன்கள் வரை அவரிடம்தான் வருவார்கள். அவரிடம் பெருமையாக ரயில் டிக்கெட்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நல்லா போட்டிருக்கீங்க டீச்சரம்மா. என் கடைய மூடிர வேண்டியதுதான். ஆனா சீட் போடலீங்களே?"

"எதுக்குங்க பாய்? பகல் வண்டி. ஏறி உக்காந்துக்க வேண்டியதுதான்."

"புள்ளைய வச்சிருக்கீங்க. மூணு சீட்டும் சேந்தாப்புல போட்டுக்குங்க. சொல்றதச் சொல்லிட்டேன்."

கமிஷனுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதில் அவருக்குக் கமிஷன் எதுவும் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. "பொள்ளாச்சி பஸ்ஸுலயே எடம் புடிச்ச ஆளுங்க நானு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த ஊர் ரயில் நிலையத்துக்குள் போன நிமிஷத்திலிருந்து எனக்கு வாய் மூடவில்லை. வாசலில் ஒரு தடுப்பு இல்லை, டிக்கெட் கேட்க ஆள் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எந்த வண்டிக்குப் பக்கத்திலும் நிற்கலாம். தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை, அதில் ஒரு சிட்டுக்குருவி. எங்கள் நடைமேடையில் தொங்கிய பலகையில் மேலே நாங்கள் போக வேண்டிய ஊரும், கீழே வேறோர் ஊரும் எழுதியிருந்தது. நம் ஊர்ப் பேருந்துப் பலகையில் பெரிதாக ஊர்ப்பெயரும் கீழே 'வழி' என்று இன்னொரு பெயரும் இருக்குமே, அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். கீழே இருக்கும் ஊர் வழியாக மேலே இருக்கும் ஊருக்குப் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வெள்ளை நிறத்தில், சத்தமே இல்லாமல், மிக நீளமான ஒரு வண்டி வந்து நின்றது. எங்களுக்கு நேரே இருந்த கதவில் நல்ல கூட்டம். முன்பக்கம் காலியாகத் தெரிந்தது. எங்களிடம் இரண்டு பெட்டிகள், கூடவே இரும்பு மாதிரிகள் வைத்த ஒரு சக்கரப் பை. அதில் ஒரு சக்கரம் விமானத்திலேயே உடைந்திருந்தது. என் கை தானாக வேலை செய்தது. கழுத்திலிருந்த நீலத் துப்பட்டாவை உருவி, சாப்பாட்டுப் பையோடு நின்ற மகளிடம் கொடுத்தேன்.

"முன்னால ஓடு கண்ணு. மூணு சீட் புடிச்சு வை. நாங்க பொட்டியோட ஏறி உள்ளயே நடந்து வந்தர்றோம்."

அவள் ஓடினாள். நீலம் காற்றில் பறக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முன்னால் வெகுதூரத்தில் ஒரு கதவில் ஏறுவதைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவளுக்கென்று போன் கிடையாது. பத்தாவது முடியட்டும் என்று வைத்திருந்தோம். அவள் பாஸ்போர்ட் என் கைப்பையில். டிக்கெட் என் போனில்.

வண்டி நகர்ந்ததும் கணவரைப் பெட்டிகளோடு கதவருகே நிறுத்திவிட்டு, "நான் போயி எங்கீன்னு பாத்துட்டு வாரனுங்க" என்று உள்ளே நடந்தேன். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, மூன்று. நான்காவதில் வழி முடிந்துவிட்டது. எதிரே ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் ஓட்டுநர் இருக்கை, ஆளில்லாமல். அதற்கும் அப்பால், முன்கண்ணாடிக்கு வெளியே, இன்னொரு ரயிலின் முகம் எங்கள் ரயிலின் முகத்தோடு மோதுகிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வண்டி என்று நான் நினைத்தது இரண்டு வண்டி. இரண்டையும் மூக்கோடு மூக்கு கோத்து ஓட்டுகிறார்கள். நடுவில் போக வழியில்லை. நான் பின்வண்டியில். மகள் முன்வண்டியில்.

கண்ணாடியில் கையை வைத்து அப்படியே நின்றேன். பின்னாலேயே டிக்கெட் பரிசோதகர் வந்தார். வெள்ளை மீசை, காதில் சின்ன வளையம். போனை நீட்டினேன். கருவியால் ஒற்றிப் பார்த்தார். ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்: "பெரியவர்கள் இரண்டு. குழந்தை ஒன்று. குழந்தை எங்கே?"

காசில்லாத குழந்தையை ஒருவர் எண்ணிப் பார்த்துக் கேட்கிறார். நான் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரியும் என்றார். முன்வண்டி நாங்கள் போக வேண்டிய ஊருக்கு. நாங்கள் நிற்கிற இந்தப் பின்வண்டி, பலகையில் கீழே எழுதியிருந்த ஊருக்கு. வேறு திசை. வேறு ஊர். முன்வண்டிப் பரிசோதகருக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. "பயப்படாதீர்கள். எட்டு நிமிடத்தில் நிலையம் வரும். இந்தக் கதவில் இறங்கினால் அந்த வண்டியின் கடைசிக் கதவு பத்தடிதான். இறங்குங்கள், ஏறுங்கள்."

நடுவில் கணவர் என்னைத் தேடி வந்துவிட்டார். நான் சொன்னதும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் "பொட்டி?" என்றார். மூன்று சுமையும் நாங்கள் ஏறிய கடைசிப் பெட்டிக் கதவருகே கிடந்தன. "நான் எடுத்துட்டு அந்தப் பக்கமா எறங்கி வாரேன். நீ இங்கீருந்து எறங்கி ஏறிக்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

இதற்கப்புறம் நடந்ததை நான் பல பேரிடம் பல மாதிரி சொல்லியிருக்கிறேன். வண்டி சீக்கிரம் எடுத்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டும் இல்லை.

வண்டி நின்றது. இறங்கினேன். பரிசோதகர் சொன்ன பத்தடி சரியாகப் பத்தடிதான் இருந்தது. முன்வண்டியின் கடைசிக் கதவு திறந்து கிடந்தது. படியில் ஒரு காலை வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நடைமேடையின் அந்தக் கடைசியிலிருந்து அவர் மூன்று சுமையோடு ஓடி வந்துகொண்டிருந்தார். உடைந்த சக்கரம் எதிலோ இடறிப் பை கவிழ்ந்தது. "நீ ஏறு! ஏறு புள்ள!" என்று கத்தினார். எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் நான் காலை எடுத்துவிட்டேன். ஒரு பெட்டியையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று அவரை நோக்கி நாலு எட்டு ஓடினேன். பின்னால் ஒரு மெல்லிய மணிச் சத்தம். திரும்பினால் கதவு மூடியிருந்தது. பொத்தானை அழுத்தினேன். கண்ணாடியைத் தட்டினேன். நம் ஊர் ரயில் கிளம்பினால் முதலில் ஒரு குலுக்கல் வரும், அப்புறம் ஊரும், கூட ஓடியாவது தொற்றிக்கொள்ளலாம். இது வழுக்கிக்கொண்டு போனது. என் உள்ளங்கை கண்ணாடி மேல் இருக்கும்போதே கண்ணாடி அங்கே இல்லை.

நடைமேடையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ரயில்வே பெண்மணி நின்றிருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வெள்ளை மீசைக்காரர் அவரிடம் ஓடி வந்து நாலு வார்த்தை சொன்னார், என்னைக் காட்டினார், தன் வண்டியில் ஏறிக்கொண்டார். அந்த வண்டியும் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றிருந்த நீளமான வண்டி இப்போது எந்தப் பக்கமும் இல்லை. வெறும் தண்டவாளம்.

கணவர் பெட்டிகளோடு வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"பொட்டி போனாப் போகுதுன்னு ஏறியிருக்கலாமல்ல?"

"நீங்க பொட்டிய உட்டுப்போட்டு வந்திருக்கலாமல்லங்க?"

ஒரு பிள்ளை. போனில்லை, பாஸ்போர்ட் இல்லை, கையில் டிக்கெட் இல்லை, பாஷை தெரியாது. மணிக்கு எத்தனை கிலோமீட்டரோ தெரியாத வேகத்தில் எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளை நான்தான் ஓடச் சொன்னேன். பாய் சொன்னதைக் கேட்டு இருக்கைக்குக் காசு கட்டியிருந்தால் மூன்று பேரும் ஒரே பெட்டியில் இருந்திருப்போம்.

சிவப்புத் தொப்பிக்காரர் போனைக் காதில் வைத்தபடி ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை. அவர்கள் பாஷையில் பேசினார், காத்திருந்தார், மறுபடி பேசினார். திடீரென்று சிரித்துவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது.

"இருக்கிறாள்," என்றார். "நீலத் துணி. மூன்று இருக்கைகள் மேல் விரித்து நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். பரிசோதகர் தன்னோடு வந்து உட்காரச் சொன்னாராம். மாட்டேன் என்கிறாளாம். அம்மாவுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாளாம், எழுந்தால் போய்விடுமாம்."

அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கணவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஷூ லேஸைக் கட்டினார். அவருடைய ஷூவில் லேஸ் கிடையாது.

நாங்கள் இறங்க வேண்டிய நிலையம் வந்ததும் அவளை இறக்கி, நடைமேடையிலேயே ஒரு ஊழியர் கூட இருப்பார் என்றார் அந்த அம்மா. எங்களுக்கு அடுத்த வண்டி முக்கால் மணி நேரத்தில். அப்போதுதான் டிக்கெட் ஞாபகம் வந்தது. குறித்த வண்டியில் மட்டுமே செல்லும் மலிவு டிக்கெட். அந்த வண்டி போய்விட்டது. போனை நீட்டி, "இது இனிமேல் செல்லாது, தெரியும். அபராதம் எவ்வளவு?" என்று கேட்டேன். கேட்கும்போதே கைப்பையைத் திறந்துவிட்டேன். அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. புரிந்ததும் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, பேனாவால் இரண்டு வரி எழுதி, இடுப்பிலிருந்த முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

"இந்த டிக்கெட்டில் குழந்தை இருக்கிறாள்," என்றார். "குழந்தை அங்கே இருக்கிறாள். நீங்கள் போகத்தானே வேண்டும்."

அந்த முக்கால் மணி நேரமும், பிறகு ரயிலில் மூன்று மணி நேரமும் நான் அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். புதுப் பரிசோதகர் வந்து அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். எங்கோ போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்து, "உங்கள் மகள் ஆப்பிள் சாப்பிடுகிறாள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நிமிடம் கழித்து மறுபடி வந்து, "இறங்கிவிட்டாள்" என்றார். ஒரு நாட்டின் ரயில் முழுக்க, எனக்குப் பெயர் தெரியாத ஆட்கள், நான் பூஜ்யம் என்று போட்ட ஒரு பிள்ளையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பூத்த வயல்களும் மின்சாரக் காற்றாடிகளும் போயின. பல்லடத்தைத் தாண்டினால் பார்க்கிற அதே காற்றாடிகள். கணவர் ஒருமுறை மட்டும் பேசினார்.

"அழுதிருப்பாளா?"

"தெரியலீங்க."

இறங்கியதும் முதலில் நீலம்தான் தெரிந்தது. நடைமேடையின் நடுவில் ஓர் இரும்புப் பெஞ்சு. அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவை இரண்டு பக்கமும் விரித்து, பறந்துவிடாமல் ஒரு முனையில் சாப்பாட்டுப் பையையும் மறு முனையில் ஓர் ஆப்பிள் பழத்தையும் வைத்திருந்தாள். கூட இருந்த ஊழியர், நல்ல உயரமான இளைஞர், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் அவருக்கு இடம் இல்லை.

ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "எல்லாரும் பாக்கறாங்கம்மா" என்றாள்.

"பயந்துட்டியா சாமி?"

"மொதல்ல இல்ல. வண்டி பிரிஞ்சிருச்சுன்னு அவரு வந்து சொன்னாரு பாருங்க, அப்பத்தான் கொஞ்சம்." துப்பட்டாவின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "எத்தனை பேரு சீட் கேட்டாங்க தெரியுங்களாம்மா? ஒரு தாத்தா நாயோட வந்தாரு. நாய்க்கும் சேத்துக் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"மை மதர் ஈஸ் கமிங்னு."

"அப்பறம்?"

"அவரு நின்னுக்கிட்டாரு. அப்பறம் வேற யாராச்சும் வந்து கேட்டா நான் சொல்றதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு. அந்தப் பக்கம் ஒரு அக்காவும் சொன்னாங்க. ஹெர் மதர் ஈஸ் கமிங்னு. கடைசியில எல்லாருமே சொன்னாங்கம்மா."

அந்தப் பெட்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. துண்டு போட்டு இடம் பிடிக்கிற வழக்கமே தெரியாத ஊரில், நிற்க இடமில்லாத வண்டியில், நீலத் துணி விரித்த இரண்டு காலி இருக்கைகள். சுற்றிலும் நிற்கிற மனிதர்கள். அவள் அம்மா வருகிறாள், அவள் அம்மா வருகிறாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அந்த அம்மாவோ பெட்டியைத் தூக்குவதற்காகப் படியிலிருந்து காலை எடுத்தவள்.

அதை அவளிடம் அப்போது நான் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

"எறங்கித்தான் வந்தாச்சல்ல, அப்பறம் எதுக்குக் கண்ணு பெஞ்சுலயும் விரிச்சு வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"இங்கயும் கூட்டமா இருந்துச்சு. நீங்க மூணு மணி நேரமா நின்னுட்டே வர்றீங்களோ என்னமோன்னு." ஆப்பிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துத் துணியைச் சுருட்டினாள். "உக்காருங்கம்மா."

உட்கார்ந்தேன். கணவர் சுமைகளைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"அப்பா," என்றாள், மறுபக்கத்துத் துணியையும் மடக்கிக்கொண்டே. "பொட்டிய கீழ வைங்கப்பா. உங்களுக்கும் இருக்குது."